பழைய டீசல் கார் வாங்க எண்ணும் அங்கத்தினர்களுக்கு

அனகாபுத்தூரில் நெசவாளர் சங்கமொன்றின் பேரேடுகளைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். பகலுணவிற்குப் பின் அங்கத்தினர் ஒருவர் தம் மைத்துனரை அழைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார். அவர் வாழைநார் கலந்த சேலைகள் நெய்பவர். மைத்துனர் குன்றத்தூர்ப் பக்கத்தில் கீரையும் காய்கறியும் பயிரிடுபவர். "ஐயா, மறைமலை நகரில் செய்த ஈகோஸ்போர்ட் டீசல் வண்டியொன்று விலைக்கு வந்திருக்கிறது. சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்து, மீதிக்கு நகையை அடகு வைத்து, இருவருமாக வாங்கலாமென்று பார்க்கிறோம். டீசல் வண்டியானால் செலவு குறையுமல்லவா?" என்று நெசவாளர் வினவினார்.

நாம் மோட்டார் நிபுணரல்லோம். ஆயினும் அவ்வகை வண்டியொன்றைச் சில ஆண்டுகளாக நாமே ஓட்டி வருகிறோம். கணக்குப் பார்ப்பதோ நம் தொழில். அன்று அவ்விருவருக்கும் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம். நகையை அடகு வைக்கும் எண்ணம் அவர்களுக்கு மட்டும் வருவதன்று.

முதலில் வண்டியின் இயல்பை அறிதல் வேண்டும். ஈகோஸ்போர்ட் 2013 ஜூன் மாதம் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. பிரேசில் நாட்டில் 2003 ஆம் ஆண்டிலேயே இப்பெயரில் ஒரு வண்டி வெளிவந்திருந்தது. இது அதன் இரண்டாம் தலைமுறை. தோற்றத்தில் ஜீப்பைப் போல் உயர்ந்து நிற்கும். கட்டுமானத்தில் அது கார்தான். இத்தகைய கலப்பையே கிராஸ்ஓவர் என்கிறார்கள். நம் நாட்டில் விற்ற ஈகோஸ்போர்ட்டில் முன்சக்கரங்கள் இரண்டுமே வண்டியை இழுக்கும். பின்சக்கரங்கள் உருண்டு வருவதோடு சரி. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்திற்கும் இடையே 200 மில்லிமீட்டர் இருப்பதால் மேடுபள்ளச் சாலையில் அடி தட்டாது. ஆனால் உழவு ஈரத்தில் இறக்கிவிட்டால் எந்தக் காரையும் போலச் சிக்கிக்கொள்ளும். மைத்துனர் இதை எதிர்பார்க்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

வண்டியின் நீளம் 3,999 மில்லிமீட்டர். டீசல் இஞ்சினின் கொள்ளளவு 1,498 கன சென்டிமீட்டர். இவ்விரு எண்களும் தற்செயலானவையல்ல. 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும், டீசலாயின் 1,500 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத கொள்ளளவும் உள்ள கார்களுக்கு 2006 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கலால் வரி 24 சதவிகிதத்திலிருந்து 16 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. அன்றுமுதல் வண்டி செய்வோர் பலரும் அவ்வேலிக்குள் நிற்குமாறு அளவெடுத்துத் தைக்கலாயினர். இருங்காட்டுக்கோட்டையில் செய்த வென்யூ வண்டியின் 1,493 கன சென்டிமீட்டர் டீசல் இஞ்சினும் அவ்வேலிக்குள் அடங்கியதே.

இனி, டீசல் இஞ்சினுக்கும் பெட்ரோல் இஞ்சினுக்கும் உள்ள வேற்றுமை. பெட்ரோல் இஞ்சினில் மின்பொறி தட்டி எரிபொருள் பற்றுகிறது. டீசலில் பொறியில்லை. காற்றை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக நெருக்குவதால் அது கடுஞ்சூடாகிறது. அச்சூட்டில் பீச்சப்படும் டீசல் தானே எரிகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். இவ்வளவு நெருக்கத்தைத் தாங்க இஞ்சின் கனத்த உறுப்புகளால் ஆகியிருத்தல் வேண்டும். ஆதலின் அது விரைந்து சுழல்வதில்லை. நிதானமாகச் சுழன்று வலுவாக இழுக்கும்.

2013 ஆம் ஆண்டு வண்டியையே எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் இஞ்சினின் ஆற்றல் ஏறத்தாழ 110 குதிரைத்திறன். டீசலினது ஏறத்தாழ 90தான். ஆனால் முறுக்குவிசையில் பெட்ரோல் 140 நியூட்டன் மீட்டர். டீசல் ஏறத்தாழ 205. ஒரு மீட்டர் நீளமுள்ள நெம்புகோலின் முனையில் 14 கிலோ தொங்குவதற்கும் 21 கிலோ தொங்குவதற்கும் உள்ள வேற்றுமை அது. பெட்ரோல் பந்தயக் குதிரையென்றால் டீசல் பார வண்டி மாடு. மாடும் எடுத்த எடுப்பில் இழுத்துவிடாது. இஞ்சின் நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,700 அல்லது 1,800 சுற்றை எட்டிய பின்னரே டர்போ என்னும் காற்றுத்தள்ளி நன்கு ஊதத் தொடங்கும். அதற்குக் கீழே திணறும்.

இவ்விடத்தில்தான் கியரின் வேலை வருகிறது. நம் நாட்டில் விற்ற ஈகோஸ்போர்ட் டீசலுக்குத் தானியங்கிக் கியர் எக்காலத்தும் கிடையாது. கையால் மாற்றும் ஐந்து கியர்களே. முதற் கியரில் இஞ்சின் பல சுற்று சுற்றச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. வேகம் குறைவு, இழுப்பு மிகுதி. ஐந்தாவதில் இதற்கு நேர்மாறு. கிளட்ச் என்பது இஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் தொடுக்கவும் பிரிக்கவும் உள்ள தட்டு. குழித்தறியில் மிதிபலகையை மிதித்துப் பாவு திறந்த பிறகே நாடா ஓடவேண்டும். பாதி திறந்த பாவில் நாடாவை விட்டால் இழை அறும். கிளட்ச்சும் அவ்வாறே. முழுவதும் மிதித்துக் கியரை மாற்றி, முழுவதும் விட்டுவிடுதல் வேண்டும். பல்லாவரம் குன்றத்தூர்ச் சாலையில் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது பாதி மிதித்தபடியே கால் வைத்திருப்பவர்களைக் காண்கிறோம். அவர்கள் தட்டைத் தேய்த்துத் தீய்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன்வண்டி நகர்ந்து சிறிது இடம் விட்டபின், முதற் கியரில் கிளட்ச்சை முற்றும் விட்டு ஓட்டினால், டீசல் இஞ்சின் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே நடைவேகத்தில் இழுத்துச் செல்லும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

இனிக் கணக்கு. "டீசல் மலிவு" என்னும் பேச்சு ஒரு காலத்திற்கு உண்மை. 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் இடைவெளி இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது, இடைவெளி சுருங்கியது. 2024 மார்ச் மாதத்துச் சென்னை விலையைக் கொள்வோம்: பெட்ரோல் ஏறத்தாழ 101 ரூபாய், டீசல் ஏறத்தாழ 92 ரூபாய். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 6 ரூபாய் 73 காசு. டீசல் 4 ரூபாய் 60 காசு. மிச்சம் 2 ரூபாய் 13 காசு. டீசல் வண்டிக்காக 1 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், அதனை மீட்க ஏறத்தாழ 47,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது இரண்டரை ஆண்டுச் சங்கதி. மாதம் 400 கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஏறத்தாழ பத்து ஆண்டு! அடகு வட்டியை இதில் நாம் சேர்க்கவில்லை. டீசல் வண்டியின் பராமரிப்புச் செலவு சற்று மிகுதி என்பதையும் சேர்க்கவில்லை. அன்றைய விலையை இட்டு ஒவ்வொருவரும் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு துண்டுக் காகிதம் போதும்.

நெசவாளர் மாதத்தில் இருமுறை கண்காட்சிக்காகக் கோயம்புத்தூரோ பெங்களூரோ செல்பவர், காஞ்சிபுரத்திற்கும் போய்வருபவர். அவருக்குக் கணக்கு ஒத்துவருகிறது. மைத்துனர் ஓட்டமோ குன்றத்தூருக்கும் பம்மலுக்கும் இடையே நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அவருக்கு ஒத்துவரவில்லை. குறுந்தொலைவில் இன்னொரு கேடும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை விதிக்குட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை எரித்துத் தீர்க்க வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சூடேறி ஓடவேண்டும். சந்தைக்கும் வீட்டிற்கும் மட்டும் ஓடும் வண்டியில் கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும், பிறகு செலவுதான்.

இங்கே நம் உத்தியோகத்தைச் சார்ந்த ஒரு சொல். சொந்த உபயோகத்திற்குப் பதிவான வெள்ளை எண்பலகை வண்டியை வாடகைக்கு விடுதல் சட்டத்திற்குப் புறம்பு. சங்கத்தின் நூல்கட்டுகளை அதிலேற்றி வந்து வாடகை வவுச்சர் எழுதினால் நாமே ஆட்சேபணை எழுத வேண்டியிருக்கும்.

பழைய வண்டியாதலால் அதன் வயதையும் நோக்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். 2013 இல் பதிவானதற்கு 2028 இல் தகுதிச் சோதனையும் புதுப்பித்தலும் வரும். இவ்விஞ்சினில் வால்வுகளை இயக்கும் தண்டினைச் சுழற்றுவது பற்களுள்ள ரப்பர்ப் பட்டை. அது ஓட்டத்தாலும் முதிரும், வயதாலும் முதிரும். அறுந்தால் பிஸ்டன் வால்வுகளின்மேல் மோதி இஞ்சினே பாழாகும். மாற்றியதற்கு ரசீது உண்டா என்று கேட்டல் வேண்டும். ரசீது இல்லையேல் மாற்றவில்லையென்று கொண்டு, அச்செலவை விலையில் கழித்தல் வேண்டும். உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகரில் கடைசி ஈகோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளிவந்தது. உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் தொடருமென்று நிறுவனம் அப்போதே கூறியது. எனினும் புதிய வண்டி வராத நிலையில், பக்கத்தில் எவர் பழுது பார்க்கிறார் என்பதை விசாரித்துக்கொண்டே வாங்குதல் நலம்.

எல்லாவற்றிலும் பெரிதாக அனகாபுத்தூரார் அஞ்ச வேண்டியது நீர். 2015 டிசம்பர் முதல் நாளிரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் விடப்பட்டு அடையாறு கரைபுரண்டதை இவ்வூரில் யார் மறப்பார்? ஈகோஸ்போர்ட் 550 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்குமென்று விளம்பரம் செய்தார்கள். முழங்கால் மட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அன்று தெருவில் நின்ற நீர் விளம்பரத்தைப் படித்துவிட்டு வரவில்லை. காற்று புகும் குழாய்க்குமேல் நீர் ஏறினால் அது சிலிண்டருக்குள் செல்லும். காற்று நெருங்கும், நீர் நெருங்காது. அந்நிலையில் சாவியைத் திருப்பினால் மேலேறும் பிஸ்டன் நீரில் முட்டி, இணைப்புத்தண்டு வளைந்துவிடும். அவ்வெள்ளத்தின்போது நமக்குத் தெரிந்த குடும்பமொன்று, நீர் வடிந்த மறுநாள் ஆவலோடு சாவியைத் திருப்பியது. திருப்பாமல் கயிறு கட்டி இழுத்துச் சென்றிருந்தால் சுத்தம் செய்யும் கூலியோடு போயிருக்கும். திருப்பியதால் இஞ்சின் போயிற்று. காப்பீட்டிலும் தகராறு வந்தது. நீரில் நின்ற வண்டியைத் தொடாது, காப்பீட்டாருக்குத் தெரிவித்து, பட்டறைக்கு இழுத்துச் செல்வதொன்றே வழி.

நீரில் மூழ்கிய வண்டிகள் அனைத்தும் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. துடைத்து, மெருகேற்றி, வேறு கைகளுக்குச் சென்றவை உண்டு. அவற்றைக் கண்டறிவது கடினமன்று. முன்னிருக்கையின் அடியில் தரையோடு பொருத்திய போல்ட்டுகள் துருவேறியுள்ளனவா, கதவோர ரப்பரை இழுத்தால் உள்ளே வண்டல் கோடு தெரிகிறதா, இருக்கைப் பட்டையைக் கடைசிவரை உருவினால் அடிநுனியில் கறை உண்டா, தரைவிரிப்பைத் தூக்கினால் மண்வாடை வருகிறதா என்று பார்க்கலாம். காப்பீட்டுக் கம்பெனியில் முன்னர் பெற்ற இழப்பீட்டு விவரத்தையும் உரிமையாளரைக்கொண்டு கேட்டு வாங்கலாம்.

அவ்விருவரும் மறுவாரம் வண்டியைப் பார்க்கச் சென்றனர். விற்பவர் வெளிப்பூச்சின் பளபளப்பைக் காட்டிக்கொண்டிருக்க, நெசவாளர் இருக்கைப் பட்டையை உருவினாராம். கடைசி ஒரு முழம் சேற்று நிறத்தில் வந்தது. பாவில் கறை பார்த்துப் பழகிய கண். நகை பெட்டியிலேயே இருக்கிறது. நெசவாளர் வேறொரு டீசல் வண்டியைத் தனியே தேடுகிறார். மைத்துனர் கீரைக் கட்டுகளுக்குச் சுமை ஆட்டோ ஒன்றின் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.