வானிலிருந்து கொசுவைத் தேட முடியுமா?

பாசிர் கூடாங்கைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்திருக்கிறீர்களா? துறைமுகமும் எண்ணெய்த் தொட்டிகளும் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரியும். ஊரைத் தாண்டினால் செம்பனைத் தோட்டங்களின் பச்சை. அந்தப் பச்சையைக் கொண்டு, கொசு பரப்பும் நோய் எங்கே வரும் என்று ஆராய்கிறார்கள். கொசு வானிலிருந்து தெரியாது. அது வாழும் இடம் தெரியும், அல்லவா?

இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியையோ இலை பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். செயற்கைக்கோள் இரண்டையும் அளக்கிறது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே தாவரக் குறியீடு. ஓரிடத்தில் அகச்சிவப்பு 50 விழுக்காடும் சிவப்பு 10 விழுக்காடும் திரும்பி வந்தால், 40-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.67, நல்ல பசுமை. வெறும் மண்ணில் இது சுழியத்தை நெருங்கிவிடும்.

வறண்ட நாடுகளில் இந்த எண் நிறையச் சொல்லும். கிழக்கு ஆப்பிரிக்காவில் புல்வெளி வழக்கத்தைவிடப் பசுமையானால், மழைநீர் தேங்கிக் கொசு பெருகும் எனப் பொருள். 2006-இல் இதோடு மழை, கடல் வெப்பத் தரவுகளையும் சேர்த்து, ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வரக்கூடும் என எச்சரித்தார்கள். வந்தது.

நம் நாட்டில் ஆண்டு முழுதும் எல்லாமே பச்சை! முற்றிய செம்பனையும் காடும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். போதாக்குறைக்கு மேகம் வேறு. ஆகவே, பல ஆண்டுப் படங்களை ஒப்பிட்டு, காடு எங்கே அழிந்தது என்று பார்ப்பதே இங்கு அதிகம் உதவுகிறது.

சபாவில் அப்படித்தான் செய்தார்கள். குரங்குகளிடமிருந்து கொசுவழி மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா அங்கு அதிகம். இது மனிதரிடையே பரவலாக இருப்பதை, சரவாக்கின் கப்பிட்டில் பல்பீர் சிங் குழுவினர் 2004-இல் வெளிப்படுத்தினர். கூடாட், கோத்தா மருடு மாவட்டக் கிராமங்களின் 2008 முதல் 2012 வரையிலான நோய்ப் பதிவுகளைச் செயற்கைக்கோள் தரவோடு பொருத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. சுற்றிலும் காடு மிகுந்த இடங்களிலும், முன்பு காடு அழிந்த இடங்களிலும் நோயாளிகள் கூடுதலாக இருந்தனர். முரணாகத் தோன்றுகிறதா? காட்டை வெட்ட வெட்டக் காட்டோரம் நீள்கிறது. குரங்கும் கொசுவும் வேலைக்குப் போகும் மனிதரும் சந்திப்பது அங்கேதான்.

டிங்கிக்கு இந்த வழி அவ்வளவாகக் கைகொடுக்காது. சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் அகலம். ஏடிஸ் முட்டையிடும் பூச்சட்டித் தட்டு அதில் எப்படித் தெரியும்? பாசிர் கூடாங் வீடமைப்புப் பகுதிகளில் நடந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நோலெசி ஜொகூரிலும் உண்டு. இதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் உடல்நிலை விரைவில் மோசமாகலாம். காட்டில் முகாமிட்டுத் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போயிருந்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.