மாலை பளிச்... மணப்பெண் முகம் மங்கல்! கேமராவில் நடப்பது என்ன?

திருப்பூர்,

முகூர்த்த நாள் வந்துவிட்டால் திருப்பூர், அவினாசி, பல்லடம், காங்கயம் பகுதி கல்யாண மண்டபங்களில் போட்டோகிராபர்களுக்கு ஓய்வே கிடையாது. பனியன் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே லீவு நாளில் கேமரா தூக்கும் வாலிபர்களும் உண்டு. இவர்களில் பலர் நம்பி இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 'புல் பிரேம்' டி.எஸ்.எல்.ஆர். கேமராவைத்தான்.

அவர்கள் வயிற்றில் புளியை கரைக்கும் கோளாறு ஒன்று இருக்கிறது. மணப்பெண்ணின் கண்ணை குறி வைத்துத்தான் பட்டனை அமுக்குவார்கள். கேமராவும் 'பீப்' என்று சத்தம் கொடுக்கும். வீட்டுக்கு போய் கம்ப்யூட்டரில் போட்டு பார்த்தால், கழுத்தில் உள்ள மாலை பளிச்சென்று இருக்கும், முகம் மங்கலாக இருக்கும். "ஏனுங்க, பொண்ணு மூஞ்சியே தெளிவா இல்லீங்களே" என்று ஆல்பம் வாங்க வந்தவர்கள் கேட்டால் பாக்கி பணம் கேட்க வாய் வராது. மூன்று முடிச்சை மறுபடியும் போடச்சொல்லி படம் எடுக்கவும் முடியாது.

உடனே பலரும் 'லென்சு போச்சு' என்று முடிவு கட்டி, கடன் வாங்கி வேறு லென்சு வாங்கிவிடுகிறார்கள். ஆனால் லென்சும் நல்லதாக, கேமராவும் நல்லதாக இருந்தாலும் இந்த கோளாறு வரும்.

ஓவர்லாக் மெஷின் போலத்தான்

ஓவர்லாக் மெஷின் ஓட்டுபவர்களுக்கு இது சுலபமாக புரியும். ஊசி புதுசு, லூப்பரும் நல்லது. ஆனாலும் இரண்டுக்கும் டைமிங் தவறினால் தையல் விட்டுப்போகும். ஊசியை மாற்றி பயன் இல்லை, டைமிங்கைத்தான் சரி செய்ய வேண்டும்.

கேமராவிலும் அதே கதைதான். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்சு வழியாக வரும் வெளிச்சம் முதலில் ஒரு கண்ணாடியில் விழுகிறது. அதில் ஒரு பகுதி நாம் கண் வைத்து பார்க்கும் துவாரத்துக்கு போகிறது. மீதி, கண்ணாடியின் பின்னால் உள்ள குட்டி கண்ணாடியில் பட்டு கேமராவின் அடிப்பகுதிக்கு போகிறது. அங்கே இருக்கும் போகஸ் சென்சார்தான் 'இவ்வளவு தூரம்' என்று கணக்கு போட்டு லென்சை நகர்த்துகிறது. பட்டனை அமுக்கியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ள, படம் பதிவாவது பின்னால் இருக்கும் பெரிய சென்சாரில்.

அதாவது, அளப்பது ஒரு இடம், படம் பதிவது வேறு இடம். லென்சில் இருந்து இந்த இரண்டு இடத்துக்கும் உள்ள தூரம் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். மில்லி மீட்டரில் நூறில் சில பங்கு மாறினாலே போகஸ் தள்ளி விழும். முன்னால் விழுந்தால் 'பிரண்ட் போகஸ்', பின்னால் விழுந்தால் 'பேக் போகஸ்'. பைக்கில் போகும்போது பை அடிபட்டாலும், கேமரா கீழே விழுந்தாலும் இது வரலாம். குட்டி கண்ணாடியிலோ போகஸ் சென்சாரிலோ பஞ்சு தூசி படிந்தாலும் போகஸ் தவறலாம்.

பனியன் படத்தில் தெரியாதது ஏன்?

அதே கேமராவில் பனியன் கேட்டலாக் எடுத்தால் துணியின் இழை கூட தெளிவாக தெரியும். காரணம் இதுதான்.

புல் பிரேம் சென்சாரின் அளவு 36-க்கு 24 மில்லி மீட்டர். பழைய பிலிம் ரோலில் ஒரு படத்தின் அளவும் இதுதான். 85 எம்.எம். லென்சை 1.8 அபர்ச்சரில் வைத்து 2 மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 6 சென்டி மீட்டர்தான். போகஸ் 5 சென்டி மீட்டர் முன்னால் விழுந்தால் மாலைதான் தெளிவாக விழும். கேட்டலாக் படத்துக்கு லைட் போட்டு 8 அபர்ச்சரில் எடுப்பார்கள். அப்போது ஆழம் சுமார் 25 சென்டி மீட்டர். தப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

செலவில்லாத டெஸ்ட்

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூஸ் பேப்பரை சுவரில் நேராக ஒட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை சாய்வாக வைக்க வேண்டும். 50 எம்.எம். லென்சு என்றால் இரண்டரை மீட்டர் தள்ளி வைத்தால் போதும். அபர்ச்சரை முழுதாக திறந்து, நடுப்புள்ளியில் போகஸ் செய்து நாலைந்து படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் போகசை கலைத்துவிட்டு புதிதாக போகஸ் செய்ய வேண்டும்.

அடுத்து 'லைவ் வியூ' போட்டு, திரையை பார்த்து அதே மாதிரி எடுக்க வேண்டும். இதில் படம் பதியும் சென்சாரிலேயே போகஸ் பார்க்கப்படுகிறது.

லைவ் வியூ படம் தெளிவு, மற்றது மங்கல் என்றால் டைமிங் கோளாறுதான், லென்சு தப்பவில்லை. இரண்டுமே மங்கல் என்றால் லென்சை சர்வீசுக்கு கொடுக்க வேண்டும். ஸ்டாண்டில் தெளிவாக வந்து மண்டபத்தில் மட்டும் மங்கினால் கை ஆட்டமோ, ஷட்டர் வேகம் குறைவோ, ஆள் அசைந்ததோ காரணமாக இருக்கலாம்.

மெனுவிலேயே மருந்து

2005-ல் வந்த கேனன் 5டி கேமராவில் இதை நாமே திருத்த வழி இல்லை, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். 2007-ல் வந்த நிக்கான் டி3, 2008-ல் வந்த நிக்கான் டி700, கேனன் 5டி மார்க்-2 ஆகியவற்றில் மெனுவிலேயே வசதி வந்துவிட்டது. கேனனில் 'மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட்', நிக்கானில் 'பைன் டியூன்' என்று இருக்கும். மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை நகர்த்தலாம். போகஸ் முன்னால் விழுந்தால் பிளஸ் பக்கம், பின்னால் விழுந்தால் மைனஸ் பக்கம். ஒவ்வொரு லென்சுக்கும் தனித்தனியாக பதிந்துகொள்ளும்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 2012-ல் வந்த நிக்கான் டி800 கேமராவில் இடது பக்க புள்ளிகளில் மட்டும் போகஸ் தவறுவதாக பல நாடுகளில் புகார் கிளம்பியது. இந்த மாதிரி கோளாறுக்கு மெனு உதவாது. நடுப்புள்ளியை சரி செய்தால் ஓரப்புள்ளி கெடும். சர்வீஸ் சென்டர்தான் வழி. ஜூம் லென்சிலும் ஒரு முனைக்கு சரி செய்தால் மறு முனையில் தவறலாம். 2012-ல் வந்த 5டி மார்க்-3 கேமராவில் இரண்டு முனைக்கும் தனித்தனி அளவு வைக்கலாம்.

மிர்ரர்லெஸ் கேமராவில் கண்ணாடியே கிடையாது. படம் பதியும் சென்சாரிலேயே போகஸ் அளக்கப்படுவதால் இந்த டைமிங் பிரச்சினை இல்லை. 2013-ல் சோனி ஏ7 வந்தது. 2018-ல் கேனன், நிக்கான் கம்பெனிகளும் புல் பிரேமில் மிர்ரர்லெசுக்கு வந்தன. இதனால் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் செகண்ட் ஹேண்டில் நிறைய கைமாறுகின்றன.

அப்படி வாங்குபவர்கள் பணத்தை எண்ணி கொடுக்கும் முன்பு, தங்கள் லென்சை மாட்டி இந்த டெஸ்டை செய்து பார்த்துவிட வேண்டும். உள்ளே தூசி இருந்தால் வாயால் ஊதவோ, கண்ணாடியை துணியால் துடைக்கவோ கூடாது. ரப்பர் புளோயர் மட்டும் போதும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி வரை தள்ளிப்போடாமல், ஒரு வாரம் முன்பே பார்த்துவைத்தால் சர்வீசுக்கு கொடுக்கவாவது நேரம் இருக்கும்.