மறுபடைப்புக் கருமருந்துச் சுழல்துப்பாக்கி

மறுபடைப்புக் கருமருந்துச் சுழல்துப்பாக்கி என்பது 19 ஆம் நூற்றாண்டின் தட்டுமூடிச் சுழல்துப்பாக்கிகளைப் பின்பற்றி இக்காலத்தில் புதிதாகச் செய்யப்படும் கைத்துப்பாக்கி ஆகும். இதற்குத் தோட்டா தேவையில்லை. உருளையிலுள்ள ஒவ்வோர் அறையிலும் முன்புறமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, கடைசியாகப் பின்புற முனைக்குழாயின் மேல் தட்டுமூடியைப் பொருத்திச் சுட வேண்டும். தட்டுமூடி என்பது அடிபட்டால் தீப்பொறி தரும் சிறு செப்புக் கிண்ணம். தீபாவளிப் பொட்டுவெடிக்கு உறவு எனலாம். புதிதாக வாங்கிய துப்பாக்கி பெரும்பாலும் அப்படியே நன்றாகச் சுடுவதில்லை. அதைச் சீராக்குவதும், படிப்படியாகச் சுட்டுப் பார்ப்பதும் தனித்திறன் வேண்டும் வேலைகளாகும்.

வரலாறு

சாமுவேல் கோல்ட் தமது சுழல்துப்பாக்கிக்கு 1836 இல் ஐக்கிய அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அவரது 1851 ஆம் ஆண்டுக் "கடற்படை" வகையும், மேற்பட்டை கொண்ட ரெமிங்டன் வகையும் இன்று மிகுதியாகப் படியெடுக்கப்படுகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961 இல் வரவிருந்த வேளையில், பழைய துப்பாக்கிகளைச் சுட விரும்பியோர் பெருகினர். இதையொட்டி 1959 இல் இத்தாலியின் கார்தோனே வால் துரோம்பியா என்னும் ஊரில் ஆல்தோ உபர்த்தி கோல்ட் 1851 இன் மறுபடைப்பைச் செய்யத் தொடங்கினார். இத்தாலியத் துப்பாக்கிகள் அரசு ஏற்ற சோதனைச் சாலையில் கூடுதல் அழுத்தத்தில் சுடப்பட்டு முத்திரை பெறுகின்றன. நட்சத்திரத்தின் கீழ் "பி. என்." என்னும் எழுத்துகள் இருப்பின் அது கருமருந்துக்கான முத்திரை. இம்முத்திரை துப்பாக்கி வெடித்துச் சிதறாது என்பதற்கு மட்டுமே சான்று. குறி தவறாது என்பதற்கு அன்று.

சீராக்கல்

முதலில் துப்பாக்கியை முழுவதும் கழற்றி, ஆலையில் பூசிய எண்ணெயைத் துடைத்து, உலோகப் பிசிறுகளை நுண்ணிய அரத்தால் நீக்குவர். அடுத்துக் காலப்பொருத்தம் பார்க்கப்படும். சுத்தியலைப் பின்னிழுக்கும்போது உருளை ஓர் அறையளவு சுழன்று, அறையின் வாய் குழலுக்கு நேராக வந்தவுடன் தடைநாக்கு உருளையின் பள்ளத்தில் விழுந்து பூட்ட வேண்டும். நாக்கு முன்னதாகவே விழுந்தால் உருளையைச் சுற்றிக் கீறல் வளையம் உண்டாகும். பூட்டு விழாமலே சுட்டால் குண்டு குழலின் விளிம்பில் உரசும். ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறித்து அருகில் நிற்பவரைக் காயப்படுத்தலாம்.

கோல்ட் வகையில் குழலைச் சட்டத்தோடு பிணைப்பது ஓர் ஆப்பு மட்டுமே. உருளை சுழலும் நடுத்தண்டின் நுனி குழற்பகுதியின் துளையில் அடிவரை சென்று முட்ட வேண்டும். சில மறுபடைப்புகளில் தண்டு சற்றுக் குட்டையாக இருக்கும். அப்போது ஆப்பை இறுக்கினால் உருளை சிக்கிக்கொள்ளும். தளர்த்தினால் இடைவெளி கூடிப் புகை வெளியேறும். துளைக்குள் மெல்லிய உலோக வில்லை வைத்து இதைச் சரிசெய்வர். சிறிய வேலைதான், ஆனால் துப்பாக்கியின் சீர்மை பெரிதும் இதனைச் சார்ந்தது.

முனைக்குழாய்க்கும் தட்டுமூடிக்கும் உள்ள பொருத்தமே அதிகத் தொல்லை தருவது. மூடிகள் 10, 11 எனும் எண்களில் விற்கப்பட்டாலும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அளவு வேறுபடும். வெடித்த மூடியின் துண்டு சுத்தியலோடு ஒட்டி வந்து பொறிக்குள் விழுந்தால் துப்பாக்கி அசையாது. இதனால் பலர் முனைக்குழாய்களையே மாற்றிவிடுகின்றனர்.

சோதனைச் சுடுதல்

முதலில் மருந்து இல்லாமல் வெறும் மூடிகள் சுடப்படுகின்றன. எஞ்சிய எண்ணெய் இதனால் எரிந்துவிடும். தீவழி திறந்திருப்பதும் தெரியவரும். பிறகு ஓர் அறையில் மட்டும் குறைந்த அளவு மருந்திட்டுச் சுடுவர். 0.36 அங்குல வகைக்கு 15 முதல் 20 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 1 முதல் 1.3 கிராம் போதுமானது. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருத்தல் ஆகாது. குறைந்த மருந்தின் மேல் சமையல் ரவையைக் கொட்டி இடத்தை நிரப்பும் வழக்கம் உண்டு! புகையற்ற மருந்தை எந்த அளவிலும் இடக்கூடாது. அதன் அழுத்தம் உருளையைப் பிளந்துவிடும்.

குண்டு மெல்லிய தூய ஈயத்தால் ஆனது. 0.36 அங்குல வகைக்கு 0.375 அல்லது 0.380 அங்குலக் குண்டு பயன்படும். அறையைவிடச் சற்றுப் பெரியதாகையால் அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் சீவப்பட்டு வெளியே வரும். அறை நன்கு அடைபட்டதற்கு அதுவே அடையாளம். வளையம் வராவிடில் தொடர்வெடிப்பு நேரக்கூடும். தொடர்வெடிப்பு என்பது ஓர் அறையின் தீ அண்டை அறைகளையும் பற்றிக்கொள்வதாகும். தீ முன்புற இடைவெளி வழியாகப் புகுகிறதா, தளர்ந்த மூடிகளின் வழியாகப் புகுகிறதா என்பதில் சுடுவோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே இரு பக்கமும் அடைப்பதே முறை. ஒரு கையால் குழலைத் தாங்கிச் சுடுவது கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

குண்டின் மேல் தேன்மெழுகும் எண்ணெயும் கலந்த பசை தடவப்படுகிறது. கருமருந்து எரிந்தபின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி திண்மக் கசடாக எஞ்சுவதால், அதை இளக்க இப்பசை உதவுகிறது. 1857 இல் சிப்பாய்களின் எதிர்ப்பைக் கிளப்பிய என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்பும் இதே தேவைக்காகப் பூசப்பட்டதே.

எல்லாம் சரியாயின் ஐந்து அறைகள் நிரப்பப்படும். சுத்தியல் படியும் ஆறாவது அறை வெறுமையாக விடப்படும். கோல்ட் வகையின் பின்குறி சுத்தியலின் தலையிலுள்ள வெட்டு. 25 மீட்டரில் குண்டு பெரும்பாலும் குறிக்கு மேலே படும். உயரமான முன்குறியைப் பொருத்தி, சிறிது சிறிதாக அராவி இது திருத்தப்படுகிறது. முடிந்ததும் அன்றே சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, உலர்த்தி, எண்ணெயிட வேண்டும். கசடு ஈரத்தை உறிஞ்சும். சென்னை போன்ற கடலோர நகரங்களில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும்.

சட்ட நிலை

இந்தியப் படைக்கலச் சட்டம், 1959 இன் 5 ஆம் பிரிவு துப்பாக்கி செய்வதற்கு மட்டுமன்றி, பழுதுபார்ப்பதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. ஆகவே கே. கே. நகரிலோ அடையாற்றிலோ ஒருவர் தம் வீட்டுப் பட்டறையில் உரிமமின்றி இவ்வேலையைச் செய்தால் அது குற்றமாகும். பழைய நுட்பம் என்பதால் விலக்கு இல்லை. மலைப்பகுதிகளில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிகளும் இவ்வாறே கருதப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டு நடுவண் சட்டமோ இத்தகைய மறுபடைப்புகளைத் தொல்பொருளாகக் கொண்டு கட்டுப்பாட்டிலிருந்து விலக்குகிறது. பிரித்தானியா 1997 இல் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தபோதும் வாய்வழி நிரப்பும் வகையைச் சான்றிதழுடன் அனுமதித்தது. பன்னாட்டுப் போட்டிகளில் "மாரியெட்" என்பது தட்டுமூடிச் சுழல்துப்பாக்கிக்குரிய பிரிவு. 25 மீட்டரில், 30 நிமிடத்தில் 13 குண்டுகள் சுடப்பட்டு, சிறந்த 10 மட்டும் கணக்கில் கொள்ளப்படும்.