நான்கு தந்திக்கு நான்கு கோடு

இசைக்கருவி ஒன்றைக் கற்க வேண்டும் என்னும் ஆவல் பலருக்கு உண்டு. ஆயினும், ஐந்து கோடுகளின் மீது கரும்புள்ளிகள் ஏறியிறங்கும் மேனாட்டுச் சுரக்குறிப்பைக் கண்டதும், 'இது நமக்கு எட்டாத கலை' என்று பின்வாங்கி விடுவோரும் பலர். இத்தகையோருக்கு உதவும் எளிய வழி, 'டேப்லச்சர்' எனப்படும் தந்திக்குறிப்பு முறையாகும். யுகுலேலே என்னும் சிறு கருவியைக் கொண்டு அதனை அறிந்துகொள்வோம்.

கருவி பிறந்த கதை

1879ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், போர்த்துக்கலுக்குரிய மதெய்ரா தீவிலிருந்து குடியேறியோரை ஏற்றிக்கொண்டு 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுவை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க வந்த அக்கூட்டத்தில் மனுவேல் நூனெஸ், அகஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்னும் தச்சுக்கலைஞர் மூவர் இருந்தனர். தம் தாயகத்துச் சிறு தந்திக்கருவியைத் தழுவி அவர்கள் செய்ததே யுகுலேலே. 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்று அப்பெயருக்குப் பொதுவாகப் பொருள் கூறுவர். மன்னர் கலாகௌவா இதனை ஆதரித்தமையால், வந்தேறிகளின் கருவி தீவு மக்களின் சொந்தக் கருவியாயிற்று.

படிக்கும் முறை

இக்கருவிக்குத் தந்திகள் நான்கு. வாசிப்போரின் முகத்திற்கு அருகிலிருந்து தரையை நோக்கி ஜி, சி, இ, ஏ எனச் சுருதி கூட்டுவது வழக்கம். தரைக்கு அருகிலுள்ள ஏ தந்தியே முதல் தந்தி, ஜி நான்காவது.

தந்திக்குறிப்பிலும் நான்கு கோடுகளே உள்ளன. மேல்கோடு முதல் தந்தியையும், அடிக்கோடு நான்காம் தந்தியையும் குறிக்கும். இது தலைகீழாகத் தோன்றலாம். கருவியை மடிமீது மல்லாத்தி வைத்துக் குனிந்து நோக்கினால், ஏ தந்தி அப்பாலும் ஜி தந்தி நம் பக்கமும் இருக்கும், ஐயம் தீர்ந்துவிடும்.

கோட்டின் மீதுள்ள எண் விரல் வைக்க வேண்டிய மெட்டைக் குறிக்கும். 0 எனில் விரல் வைக்காது மீட்ட வேண்டும். 2 எனில் இரண்டாம் மெட்டுக்குச் சற்று முன்னே அழுத்த வேண்டும். இடமிருந்து வலமாகப் படித்துச் செல்க. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் எண்களை ஒருசேர மீட்டுக.

முதற்பயிற்சி இதோ: மூன்றாம் கோட்டில் 0, 2, இரண்டாம் கோட்டில் 0, 1, 3, முதற்கோட்டில் 0, 2, 3. இவற்றை வரிசையாக மீட்டினால், டோ முதல் மேல் டோ வரை எட்டுச் சுரங்களும் ஒலிக்கும்.

'கார்டு' எனப்படும் இசைவுகளுக்கான படம் வேறு. அதில் கோடுகள் நெட்டாக நிற்கும். இடக்கோடியில் இருப்பது ஜி தந்தி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புதல் கூடாது.

மறக்கலாகாதவை

இம்முறை புதியதன்று. 1507இல் வெனிஸ் நகரில் பெத்ரூச்சி அச்சிட்ட 'லூட்' கருவிக்கான நூல் இம்முறையிலேயே அமைந்தது. அக்காலத்து இத்தாலியக் குறிப்புகளில் கோடுகளின் வரிசை இன்றைய வழக்குக்கு நேர்மாறானது. 1536இல் ஸ்பெயினில் வெளிவந்த லூயிஸ் மிலானின் நூலோ இன்றைய வரிசையையே பின்பற்றுகிறது.

பழைய நூல்களில் கோடுகளுக்கு மேலே கால அளவுக்குரிய குறிகளும் இருந்தன. இன்றைய எளிய குறிப்புகள் பலவற்றில் அவை இல்லை. எங்கே விரல் வைப்பது என்பதை எண் சொல்லும். எவ்வளவு நேரம் ஒலிப்பது என்பதைச் சொல்லாது. ஆகவே பாடலை முன்னதாகப் பலமுறை கேட்டு, வாயால் பாடி, காலால் தாளமிட்டுப் பழகிய பின்னரே கருவியை எடுத்தல் நன்று.

மற்றொரு குறையும் உண்டு. யுகுலேலேக்கு எழுதிய எண்கள் ஆர்மோனியம் வாசிப்பவருக்கோ பாடகர் குழுவினருக்கோ பயன்படா. எண்களை மட்டுமே அறிந்தவர் தனியே வாசிக்கலாம். பிறரோடு கூடி இசைக்க விழைந்தால், தாம் மீட்டும் சுரத்தின் பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளிகளில் 1960களில் யுகுலேலே வழியே இசை கற்பித்த சால்மர்ஸ் டோன், பிள்ளைகளுக்குச் சுரக்குறிப்பைப் படிக்கவும் காதால் உணரவும் பயிற்சி அளித்தார்.

எனவே, பெற்றோரே, பிள்ளைகள் எண்களைக் கொண்டு தொடங்கட்டும். நாள்தோறும் கால்மணி நேரம் பழகட்டும். நான்கு பாடல்கள் கைவந்ததும், ஒவ்வோர் எண்ணுக்கும் அருகே அச்சுரத்தின் பெயரை அவர்களையே எழுதச் செய்யுங்கள். தந்திக்குறிப்பு இசை இல்லத்தின் வாயிற்படி. வாயிற்படியிலேயே நின்றுவிடாமல் உள்ளே செல்வோர்க்கே பலரோடு கூடிப் பாடும் பேரின்பம் கிட்டும்.