இறால் ஆகாத பிள்ளைகளும் லேப் பரிசோதனையும்



சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் குழம்புப் பொடி பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். "என் பிள்ளைக்கு இறால் ஆகாது. நாங்கள் கொடுப்பதும் இல்லை. இந்தப் பொடி போட்ட குழம்பைச் சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. இதை லேபில் கொடுத்துப் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். பழவேற்காட்டு ஏரியை நம்பி வாழும் நம் ஊர்களில் இறாலும் நண்டும் புழங்காத வீடு குறைவு. ஆகவே அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

இறாலில் ஆகாதது எது?

நம் ஏரியில் கிடைக்கும் வெள்ளை இறாலின் இனத்தைத்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.வி. சுப்பா ராவும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். சூட்டுக்கு அழியாத ஒவ்வாமைப் பொருள் அதில் இருப்பதை 1989-இல் வெளியிட்டார்கள். அது 'டிரோபோமயோசின்' என்ற தசைப் புரதம் என்பது 1993-இல் உறுதியானது. "நன்றாக வேகவைத்தால் ஒன்றும் செய்யாது" என்று நம் வீடுகளில் சொல்வது தவறு. இறால் கருவாட்டிலும், இறால் பொடியிலும், இறால் வேகவைத்த தண்ணீரிலும் அது இருக்கும். நண்டிலும் இதே வகைப் புரதம் உண்டு. மீனில் ஒவ்வாமை தருவது வேறு புரதம். ஆகவே இறால் ஆகாதவர் மீன் சாப்பிடலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

லேபில் என்ன செய்கிறார்கள்?

பிள்ளையின் ரத்தத்தையோ தோலையோ சோதிப்பது மருத்துவரின் வேலை. உணவைச் சோதிப்பது வேறு. அதற்குப் பெரும்பாலும் 'எலைசா' என்ற முறையைக் கையாள்கிறார்கள். உணவை அரைத்து, அதிலுள்ள புரதத்தைக் கரைசலில் பிரித்தெடுப்பார்கள். இறால் வகைப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள் பூசிய சிறு குழிகளில் அதை ஊற்றுவார்கள். பிறகு சேர்க்கும் மருந்துகளால் நிறம் உண்டாகும். நிறத்தின் அடர்த்தியை அளந்து, ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள். இறாலின் மரபணுவைத் தேடும் 'பி.சி.ஆர்.' முறையும் உண்டு.

லேப், நாம் கேட்டதை மட்டுமே தேடும். "ஒவ்வாமை இருக்கிறதா பாருங்கள்" என்றால் போதாது, "இறால், நண்டு வகைப் புரதம்" என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். 'கண்டறியப்படவில்லை' என்று அறிக்கை வந்தால், அந்த மாதிரியில் கருவியின் அளவுக்கு எட்டும்படி இல்லை என்றுதான் பொருள்.

இறால் கறுக்காமலிருக்கப் போடும் சல்பைட் மருந்துக்கு வேறு பரிசோதனை. அது ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு மூச்சுத்திணறலைத் தரும்.

பொடியா, சட்டியா?

அந்தத் தாயிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அன்று காலை அதே சட்டியில் இறால் வறுத்திருந்ததும், அந்தக் கரண்டியே பொடிக்குள் போனதும் தெரியவந்தது. இனி அந்தப் பாக்கெட்டில் இறால் இருப்பதாக லேப் சொன்னாலும், அது கம்பெனியில் கலந்ததா, நம் அடுப்படியில் கலந்ததா என்று சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் அதே தொகுதி எண்ணுள்ள, பிரிக்காத பாக்கெட்டைத்தான் கொடுக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, பொருளை வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். வாங்கும்போதே அதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் சட்டத்துக்கு மாறானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அரசுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. நமக்கு வேண்டிய சோதனை அங்கு உண்டா என்று முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

விற்கும் சகோதரிகளுக்கு

இறால் ஊறுகாய், தொக்கு, பொடி செய்து பாக்கெட்டில் விற்பவர்கள் கவனிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி இறால், நண்டு, மீன், முட்டை, பால், வேர்க்கடலை, சோயா, கோதுமை போன்றவை சேர்ந்திருந்தால் அதை லேபிளில் எழுத வேண்டும். சல்பைட் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அப்படியே. பொருளில் இருப்பதை மறைக்காமல் சொல்லி விற்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த வியாபார ஒழுங்கும் ஆகும். வலீமா விருந்திலும் எதில் இறால் என்று சொல்லிப் பரிமாறுங்கள், கரண்டியைத் தனியாக வையுங்கள்.

உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அட்ரினலின் ஊசிதான் அந்த நேரத்தில் உயிர் காக்கும் மருந்து. லேப் அறிக்கை வர நாட்கள் ஆகும், மூச்சு அதுவரை காத்திருக்காது.

நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.