வெட்டிய செடியில் துளிர்க்கும் கொழுந்து



ஊவாவின் மலைச்சரிவுகளில் வாழ்கின்ற உங்களுக்குக் 'கவ்வாத்து' என்னும் சொல்லை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் கொழுந்து தந்து களைத்துப்போன தேயிலைச் செடியைக் கவ்வாத்துக் கத்தி வெட்டிச் சாய்க்கின்றது. நேற்றுவரை பச்சைப் போர்வையாய் விரிந்திருந்த மலை, இன்று வெறுங்குச்சிகளின் கூட்டமாய் நிற்கின்றது. வழிப்போக்கர் ஒருவர் அதைக் கண்டால், "இந்தத் தோட்டம் அழிந்துவிட்டது" என்று சொல்லிக் கடந்து போவார். தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவரோ அவ்வாறு சொல்லமாட்டார். வெட்டப்பட்டது கிளைதான், வேர் அன்று என்பதை அவர் அறிவார். வேரிலே மாச்சத்துச் சேர்ந்திருக்கும்வரை செடி மீண்டும் துளிர்க்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த எளிய தோட்டத்து உண்மையை மனத்திலே இருத்திக்கொண்டு, நம் நாட்டின் கிரிக்கெட் அணி 2024ஆம் ஆண்டிலே கடந்துவந்த பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். விளையாட்டுச் செய்திக்கு இந்தப் பக்கத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விழுந்துபோன ஒன்றை மீண்டும் எழுப்புவது எப்படி என்னும் கேள்வி, விளையாட்டு மைதானத்தோடு முடிந்துவிடுவதில்லை. அது நம் வீடுகளின் கேள்வியும் ஆகும்.

வீழ்ச்சியின் ஆழம்

1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், லாகூரில் அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டுகளால் வென்று உலகக் கிண்ணத்தைக் கையில் ஏந்திய நாடு நமது நாடு. ஆயினும் 2023ஆம் ஆண்டிலே அந்தப் பெருமை பழங்கதையாகிப் போயிற்று. செப்டெம்பர் 17ஆம் நாள் கொழும்பில் நடைபெற்ற ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில், சொந்த இரசிகர்களின் கண்முன்னே, இந்தியாவுக்கு எதிராக 50 ஓட்டங்களுக்கு நம் அணி சுருண்டது. நவம்பர் 2ஆம் நாள் மும்பையில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் அதே இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சகல விக்கெட்டுகளையும் இழந்தது. அந்த உலகக் கிண்ணத் தொடரின் 9 போட்டிகளில் இரண்டில் மாத்திரமே வெற்றி கிட்டியது. பத்து அணிகளில் ஒன்பதாம் இடம். அதனால் 2025ஆம் ஆண்டின் சம்பியன்ஸ் கிண்ணத்தில் விளையாடும் தகுதியும் பறிபோயிற்று.

துன்பம் தனியாக வருவதில்லை அல்லவா? அரசாங்கத் தலையீட்டைக் காரணங்காட்டிச் சர்வதேச கிரிக்கெட் பேரவை அதே நவம்பர் 10ஆம் நாள் இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி இறுதியிலேயே அத்தடை நீங்கியது. அதன்பின் ஜூன் மாதம் நடைபெற்ற இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தில், நியூயோர்க் நகரில் தென்னாபிரிக்காவிடம் 77 ஓட்டங்களுக்கு வீழ்ந்த நம் அணி, முதற் சுற்றுடன் வெளியேறியது. தலைமைப் பயிற்றுவிப்பாளர் கிறிஸ் சில்வர்வூட் பதவி விலகினார். இருபதுக்கு 20 அணியின் தலைவர் வனிந்து ஹசரங்கவும் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். வெட்டுண்ட தேயிலை மலைபோல் அணி வெறுமையாய் நின்றது.

வந்தவர் யார்?

2024 ஜூலை மாதம் இடைக்காலத் தலைமைப் பயிற்றுவிப்பாளராகச் சனத் ஜயசூரிய நியமிக்கப்பட்டார். மாத்தறையில் பிறந்து, அங்குள்ள புனித சேர்வேசியஸ் கல்லூரியில் பயின்றவர். 1996 உலகக் கிண்ணத் தொடரின் நாயகன் என்னும் விருதைப் பெற்றவர். 1997இல் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் 340 ஓட்டங்களைக் குவித்தவர். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவையே.

ஆனால் அவருடைய வாழ்விலும் ஒரு கவ்வாத்துக் காலம் உண்டு என்பதை மறத்தலாகாது. ஊழல் தடுப்பு விசாரணைக்கு ஒத்துழைக்கத் தவறியமை, விசாரணைக்குத் தடையாக நடந்தமை ஆகிய இரு விதிமீறல்களை அவர் ஒப்புக்கொண்டதையடுத்து, 2019 பெப்ரவரியில் சர்வதேச கிரிக்கெட் பேரவை அவருக்கு இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. நாடே தோளில் தூக்கிக் கொண்டாடிய மனிதர், கிரிக்கெட் பணி எதிலும் ஈடுபட முடியாதவராக ஒதுங்கியிருக்க நேர்ந்தது. தண்டனைக் காலம் முடிந்தபின் அவர் மீண்டும் வந்தார். வீழ்ந்தவர்களை எழுப்பும் பணி, வீழ்ச்சியின் கசப்பைத் தாமே சுவைத்தவர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. இதை நாம் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது.

பிடுங்கி நடுதலா, கவ்வாத்தா?

தோட்டத்தைப் புதுப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய செடிகளை வேரோடு பிடுங்கி எறிந்து, மண் தேறுவதற்காகக் குவாத்தமாலாப் புல் வளர்த்து, பின்னர் புதுக் கன்றுகளை நட்டுக் காத்திருப்பது. மொனராகலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் வாழ்கின்றவர்கள் இதனை இன்னும் நன்றாக அறிவார்கள். கன்று நட்டபின் பால் வெட்டுவதற்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமே! மற்றையது கவ்வாத்து. செடி அதே செடி, மண்ணும் அதே மண். உள்ளே இருக்கும் உயிரை நம்பி, அதற்கு மீண்டும் வழிவிடுவதே கவ்வாத்தின் நோக்கம்.

ஜயசூரியவின் காலத்தில் நிகழ்ந்தது இந்த இரண்டாவது வகையே. முந்திய ஆண்டில் தோற்ற அதே வீரர்களே பெரும்பாலும் களத்தில் இறங்கினார்கள். சரித் அசலங்க ஒருநாள், இருபதுக்கு 20 அணிகளின் தலைவரானார். டெஸ்ட் அணியைத் தனஞ்சய டி சில்வா தொடர்ந்து வழிநடத்தினார்.

தொடக்கமே தோல்விதான். ஜூலை இறுதியில் பல்லேகலையில் இந்தியாவுக்கு எதிரான இருபதுக்கு 20 போட்டிகள் மூன்றிலும் தோல்வி. முதற் போட்டியில் ஒரு விக்கெட்டை மட்டும் இழந்து 140 ஓட்டங்களை எட்டியிருந்த அணி, அடுத்த 30 ஓட்டங்களுக்குள் எஞ்சிய ஒன்பது விக்கெட்டுகளையும் பறிகொடுத்தது. "பயிற்றுவிப்பாளர் மாறியும் பயன் என்ன?" என்று சலித்துக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஆனால் ஒருசில நாட்களுக்குள் காட்சி மாறியது. ஆகஸ்ட் 2ஆம் நாள் கொழும்பில் நடைபெற்ற முதலாவது ஒருநாள் போட்டி, இரு அணிகளும் 230 ஓட்டங்களைப் பெற்றுச் சமநிலையில் முடிந்தது. இரண்டாவது போட்டிக்கு ஹசரங்க காயத்தினால் இல்லை. அவருடைய இடத்துக்கு 34 வயதான ஜெப்ரி வண்டர்சே அழைக்கப்பட்டார். 2015ஆம் ஆண்டிலேயே அறிமுகமாகியும், அணியில் நிலையான இடம் பெறாமல் வெளியிலே காத்திருந்தவர் அவர். அன்று இந்தியாவின் முதல் ஆறு விக்கெட்டுகளையும் அவர் ஒருவரே வீழ்த்தினார். 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள்! ஆகஸ்ட் 7ஆம் நாள் மூன்றாவது போட்டியில் துனித் வெல்லாலகே 5 விக்கெட்டுகளைக் கைப்பற்ற, இந்தியா 138 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. 1997ஆம் ஆண்டுக்குப் பின்னர், 27 ஆண்டுகள் கழித்து, இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரொன்றை இலங்கை கைப்பற்றியது.

பின்னர் இங்கிலாந்துப் பயணம். முதல் இரண்டு டெஸ்ட் போட்டிகளிலும் தோல்வி. தொடர் கைநழுவிய பின்னரும் ஓவல் மைதானத்தில் நம் வீரர்கள் மனந்தளரவில்லை. வெற்றிக்கு 219 ஓட்டங்கள் தேவைப்பட்டன. பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்களைப் பெற, 8 விக்கெட்டுகளால் வெற்றி கிட்டியது. பத்து ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து மண்ணில் கிடைத்த டெஸ்ட் வெற்றி அது.

இந்த நிஸ்ஸங்க யார்? களுத்துறையில் மைதானப் பணியாளர் ஒருவரின் மகன். விகாரை வாசலில் பூ விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய ஒரு தாயின் பிள்ளை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் டெஸ்ட் அணிக்கு வெளியே இருந்து, அந்தத் தொடரின் நடுவிலேதான் மீண்டும் அழைக்கப்பட்டவர். இன்னொன்றையும் கவனியுங்கள். 2000ஆம் ஆண்டில் சார்ஜாவில் ஜயசூரிய பெற்ற 189 ஓட்டங்களே ஒருநாள் போட்டிகளில் இலங்கையர் ஒருவர் பெற்ற ஆகக்கூடிய ஓட்டங்களாக 23 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தன. 2024 பெப்ரவரியில் 210 ஓட்டங்களைப் பெற்று அச்சாதனையை முறியடித்தவர் இதே நிஸ்ஸங்கவே. தம் சாதனையைத் தகர்த்த இளைஞனுக்கே ஜயசூரிய பயிற்றுவிப்பாளராக அமைந்தார்.

கமிந்து மெண்டிஸின் கதையும் காத்திருப்பின் கதையே. 2022இல் முதல் டெஸ்ட் போட்டியிலேயே 61 ஓட்டங்களைப் பெற்றும், அடுத்த வாய்ப்புக்கு 2024 மார்ச் வரை அவர் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. வாய்ப்பு வந்தபோது அவர் ஆயத்தமாய் இருந்தார். செப்டெம்பரில் காலியில் நியூசிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 182 ஓட்டங்களைக் குவித்து, 13 இனிங்ஸ்களில் 1000 டெஸ்ட் ஓட்டங்களைக் கடந்தார். டொன் பிரட்மனுக்கும் அந்த இலக்கை எட்ட அதே 13 இனிங்ஸ்கள் தேவைப்பட்டன. அந்தத் தொடரை 2-0 என இலங்கை வென்றது. அக்டோபரில் ஜயசூரியவின் நியமனம் 2026 மார்ச் வரை நிலையானதாக்கப்பட்டது.

இரண்டாவது வீழ்ச்சி

கதை இங்கே முடிந்திருந்தால் கேட்பதற்கு இனிமையாக இருந்திருக்கும். வாழ்க்கை அவ்வாறு அமைவதில்லை. 2024 நவம்பர் 28ஆம் நாள் டேர்பனில் தென்னாபிரிக்காவிடம் இலங்கை அணி 42 ஓட்டங்களுக்குச் சுருண்டது. தன் டெஸ்ட் வரலாற்றிலேயே அது பெற்ற ஆகக்குறைந்த ஓட்டங்கள் அவை. 2025இன் தொடக்கத்தில், காலியில், அவுஸ்திரேலியாவிடம் ஓர் இனிங்ஸாலும் 242 ஓட்டங்களாலும் தோற்றது. அதைவிடப் பெரிய டெஸ்ட் தோல்வியை அதற்குமுன் நம் அணி கண்டதில்லை.

மீளக் கட்டுதலின் உண்மையான சோதனை இதுவே. முதல் வீழ்ச்சியின்போது எல்லாரும் அனுதாபப்படுவர். எழுந்தவன் மறுபடியும் விழும்போது, "இவன் தேறமாட்டான்" என்று தீர்ப்பிட்டுவிடுவர். ஆனால் பயிற்றுவிப்பாளர் மாற்றப்படவில்லை. வீரர்கள் கூண்டோடு அகற்றப்படவும் இல்லை. காலியில் தோற்றுச் சில நாட்களுக்குள், பெப்ரவரி 12ஆம் 14ஆம் நாட்களில், கொழும்பில் அதே அவுஸ்திரேலியாவை இரண்டு ஒருநாள் போட்டிகளிலும் அவர்கள் வென்றார்கள். இரண்டாவது போட்டியில் வெற்றி 174 ஓட்டங்களால்! சம்பியன்ஸ் கிண்ணத்துக்குச் செல்லவிருந்த அணியை, அக்கிண்ணத்துக்குத் தகுதி பெறாத அணி வென்று வழியனுப்பியது.

எரிந்த கற்களும் நம் இல்லங்களும்

மீளக் கட்டுதல் என்றவுடன் விவிலியத்தை வாசிக்கும் குடும்பங்களுக்கு நெகேமியா நினைவுக்கு வருவார். இடிந்துகிடந்த எருசலேம் மதிலை அவர் முதலில் இரவிலே சிலரை மட்டும் உடன் அழைத்துச் சென்று சுற்றிப் பார்த்தார். உடைவு எவ்வளவு என்பதை அறிந்த பின்னரே மக்களிடம் பேசினார். குப்பைமேட்டில் கிடந்த எரிந்த கற்களைக் கொண்டா கட்டப்போகிறீர்கள் என்று எதிரிகள் எள்ளி நகைத்தார்கள். ஆனால் அந்த மதில் 52 நாட்களில் எழுந்து நின்றது. பொற்கொல்லரும் நறுமணப் பொருள் செய்வோரும் தோள்கொடுத்தார்கள். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத் தாமே கட்டினார்கள்.

அன்புக்குரியவர்களே, உங்கள் வீட்டுக்கு எதிரே இடிந்துகிடக்கும் பகுதி எது? க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையில் சித்தியடையாமல், லயன் அறையின் மூலையில் பேச்சின்றி அமர்ந்திருக்கும் மகனா? கொழும்புக் கடையொன்றில் வேலை சரிவராமல் திரும்பிவந்து, அயலவரின் கேலிக்கு ஆளான தம்பியா? மதுவை விட்டுவிட்டதாக வாக்களித்து, சில மாதங்கள் நிலைத்து நின்று, மீண்டும் தடுமாறிய தகப்பனா? அவர்களைப் பிடுங்கி எறியவே முதலில் மனம் தூண்டும். "இவனால் ஒன்றும் ஆகாது" என்ற ஒரு சொல் போதும், வேரையே அது அறுத்துவிடும்.

கவ்வாத்து வெட்டுபவர் செடியை வெறுத்து வெட்டுவதில்லை. வரட்சிக் காலத்தில் வெட்டினால் செடி தாங்காது என்பதை அறிந்து, பருவம் பார்த்து வெட்டுகின்றார். கண்டிப்புக்கும் அவ்வாறே ஒரு பருவம் உண்டு. மனம் வாடிக்கிடக்கும் நேரத்தில் விழும் கடுஞ்சொல் கொல்லும். மனம் தேறிய வேளையில் சொல்லப்படும் அதே சொல் திருத்தும். வெட்டிய பின்னும் நாளைக்கே கொழுந்தைக் கேட்பதில்லை. துளிர் நிமிரும்வரை பொறுத்திருக்கின்றார்.

தோற்றுவந்த பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பைக் கொடுங்கள். வெளியிலே காத்திருப்பவனின் பெயரை மறந்துவிடாதீர்கள். நாளை ஒரு வெற்றிடம் ஏற்படும்போது அதை நிரப்பப்போகின்றவன் அவனாக இருக்கலாம். எழுந்தவன் மீண்டும் விழுந்தால், முதல் தடவை நின்றதைப்போலவே இரண்டாம் தடவையும் அவன் அருகில் நில்லுங்கள். 42 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்த அணியும் 27 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த அணியும் ஒன்றே என்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் அவ்வாறே. இன்று வெறுங்குச்சியாய் நிற்பதுதான் நாளை கொழுந்து தரப்போகும் செடி.