மலைக்கு மாணவர்கள் செல்லும்போது

கல்லூரியில் பயிலும் உங்கள் மகளோ மகனோ ஒரு நாள் ஒரு படிவத்தைக் கொண்டு வந்து, "வாப்பா, இதில் கையொப்பம் இட வேண்டும்" என்று கேட்கலாம். 'பழங்குடிக் கலைப் பயிற்சி முகாம், சித்தேரி மலை, பத்து நாள்' என்று அதில் எழுதியிருக்கலாம். உணவுக்கு என்ன ஏற்பாடு, பெண்பிள்ளைகளுக்குத் தனியிடம் உண்டா, உடன் செல்லும் பேராசிரியை யார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விகளே அவை. ஆயினும் இன்னொரு கேள்வி உண்டு. அதைப் பெற்றோரும் கேட்பதில்லை, கல்லூரிகளும் பெரும்பாலும் கேட்பதில்லை. அந்த மலையில் குடியிருப்போரிடம் யாரேனும் சம்மதம் கேட்டார்களா?

சித்தேரி, தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்து எழும் கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதி. ஒரே ஊராட்சிக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் மடிப்பு மடிப்பாய்ச் சிதறிக் கிடக்கின்றன. அங்கு வாழ்வோர் மலையாளி எனும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர் என்பதே இங்குப் பொருள், பேசுவதும் தமிழே. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகுந்தவர் இவர்களே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வினத்தவராகப் பதிவாயினர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறியதால் தங்கள் குலம் பெருகியது என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அந்தக் கதையை நூலில் படிப்பதற்கும், சாமை விளையும் கொல்லையின் ஓரத்தில் அமர்ந்து ஒரு மூதாட்டி சொல்லக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கத் தேவையில்லை. மாணவர்கள் அங்குச் செல்ல வேண்டும் என்பதே என் கருத்தும். எப்படிச் செல்வது என்பதில்தான் சிக்கல்.

இம்மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் ஊர் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் அவ்வூருக்குள் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. ஆடவரும் பெண்டிரும் அடித்து இழுத்துச் செல்லப்பட்டனர். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். வழக்கு நடந்து முடிய பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே எனத் தீர்ப்பளித்தது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளி அத்தீர்ப்பை உறுதி செய்தது. கையில் குறிப்பேடும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு கூட்டம் வண்டியிலிருந்து இறங்கும்போது இப்பகுதி மக்கள் ஒரு கணம் தயங்கினால், அத்தயக்கத்தைக் 'கூச்ச சுபாவம்' என்று ஆய்வேட்டில் எழுதுவது எத்துணைப் பெரிய பிழை!

கலைக்கல்வியின் வரலாற்றில் இத்தகைய பிழைகளுக்குக் குறைவில்லை. 1919-இல் சாந்திநிகேதனில் கலாபவனம் தொடங்கிற்று. சுற்றிலும் சந்தால் மக்களின் ஊர்கள். அங்கே 1938-இல் ராம்கிங்கர் பைஜ் வடித்த 'சந்தால் குடும்பம்' எனும் சிற்பம் இந்தியச் சிற்பக்கலையின் பெருமைகளுள் ஒன்றாய் இன்றும் நிற்கிறது. சந்தால் மக்கள் வரைவதற்கும் வடிப்பதற்கும் உரிய பொருளாயினர்; பாடம் நடத்தும் இடம் எளிதில் அவர்களுக்குக் கிட்டவில்லை.

போபாலில் நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1982-இல் அங்குப் பாரத் பவன் திறக்கப்பட்டது. அதன் கலைக்கூடத்தை அமைத்தவர் ஓவியர் ஜே. சுவாமிநாதன். திறப்பதற்கு முன்னரே, இளம் ஓவியர்களையும் கலை மாணவர்களையும் குழுக்களாகப் பிரித்து மத்தியப் பிரதேசத்தின் ஊர்களுக்கு அனுப்பினார். மண்டலா பகுதியில் பாட்டன்கட் எனும் ஊரில் ஒரு குடிசைச் சுவரில் இருந்த ஓவியம் அவர்களை நிறுத்தியது. வரைந்தவர் ஜன்கட் சிங் சியாம், இருபது வயதைக்கூட எட்டாத பர்தான் கோண்டு இளைஞர். பர்தான்கள் பாணர் மரபினர். இசைக்கருவி மீட்டிக் கோண்டு மக்களின் வரலாற்றைப் பாடுவோர். பாட்டுக்குப் புரவலர் குறைந்துபோன காலத்தில் அக்கதைகளை ஜன்கட் கோடுகளாலும் புள்ளிகளாலும் தாளில் இறக்கினார். சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கு அழைத்துப் பணியும் அளித்தார். நகரத்து ஓவியர் படைப்பும் மலைவாழ் ஓவியர் படைப்பும் ஒரே கூரையின்கீழ், சரிநிகராகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1989-இல் பாரிஸ் நகரத்துப் பெரும் கண்காட்சி ஒன்றிலும் ஜன்கட்டின் ஓவியம் இடம் பெற்றது.

அவர் வீடே ஒரு பள்ளியாயிற்று. ஊரிலிருந்து வந்த உறவினர் அவர் வரைந்த உருவத்தினுள் நுண்கோடுகளை நிரப்பி நிரப்பிக் கைபழகினர். பிறகு ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கோட்டு முறையைக் கண்டெடுத்தனர். அப்படிப் பயின்ற பஜ்ஜு சியாமின் 'லண்டன் ஜங்கிள் புக்' எனும் நூலை 2004-இல் வெளியிட்டது நம் சென்னையின் தாரா பதிப்பகமே. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிட்டியது. எந்தப் பல்கலைக்கழகமும் இந்தப் பாடத்திட்டத்தை வகுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் ஜன்கட்? 2001-இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தின் அழைப்பில் சென்று ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தவர், மனைவி மக்களைவிட்டுத் தொலைவில், அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பது வயது நிரம்பவில்லை. ஒருவரைக் கண்டெடுத்து மேடையேற்றுவதோடு நிறுவனங்களின் கடமை தீர்ந்துவிடுகிறதா என்று அன்று எழுந்த வினா இன்றும் ஓயவில்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்த இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். 1966-இல் அந்நாடு புதிய ஒரு டாலர் தாளை அச்சிட்டது. அதன் ஒரு பக்கத்தில் இருந்த வடிவம், டேவிட் மலாங்கி எனும் பழங்குடி ஓவியர் மரப்பட்டையில் தீட்டியது. மூதாதையான ஒரு வேட்டைக்காரரின் இறுதிச் சடங்கை அது சித்திரிக்கிறது. நாட்டு மக்கள் அனைவர் கையிலும் அவர் ஓவியம் புழங்கியது. அவரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! செய்தி வெளியே வந்தபின் ஆயிரம் டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் கொடுத்தார்கள்.

இரண்டாவது, நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. மாணவர்கள் பழங்குடிக் கலையை அறியட்டும் என்ற நன்னோக்கத்தோடு அந்நாட்டில் ஓவியத் தொகுப்பு ஒன்று அச்சிடப்பட்டது. அத்தகைய பதிப்புகளிலிருந்து வடிவங்களை எடுத்து வியட்நாமில் தரைவிரிப்புகள் நெய்து ஆஸ்திரேலியாவில் விற்றனர் சிலர். காலில் மிதிபட்டவை, சடங்கறிந்தோர் மட்டுமே முழுப்பொருளும் உணரத்தக்க புனித வடிவங்கள். ஓவியர் எண்மர் சார்பில் வழக்கு நடந்தது. அவர்களுள் ஐவர் அப்போது உயிரோடில்லை. 1994 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் 1,88,000 டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. தம் குலத்தாரிடம் அந்த ஓவியர்கள் பட்ட தலைகுனிவையும் நீதிபதி கணக்கில் கொண்டார். வகுப்பறைக்கென்று வெளியிட்டது சந்தைக்குப் போய்ச் சேர்ந்த கதை இது. இன்று மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, அச்சகம்கூடத் தேவையில்லை.

இனி, நல்லபடி நடந்ததையும் பார்ப்போம். அதற்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கில் சிட்லிங்கி இருக்கிறது. 1993-இல் அங்குக் குடியேறி மருத்துவப் பணி தொடங்கியவர்கள் மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும். அப்பள்ளத்தாக்கில் மலையாளி ஊர்களோடு லம்பாடி தாண்டாக்களும் உள்ளன. கண்ணாடிச் சில்லும் காசும் பதித்து வண்ண நூலால் தைக்கும் லம்பாடிப் பூவேலையை இளம்பெண்கள் கைவிட்டிருந்தனர். முறையாக அறிந்திருந்தவர் மூதாட்டியர் இருவரே. லலிதா அம்மையார் அவர்களைத் தேடிச் சென்றார். அவ்விருவரும் ஆசிரியராக அமர, அதே தாண்டாவின் பெண்கள் மாணவியராயினர். 2006-இல் 'பொற்கை' எனும் அமைப்பு பிறந்தது. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருளாம். தமிழில் வாசித்தாலும் பொருத்தமாகவே இருக்கிறது! வெளியாருக்குக் காட்டுமுன் சொந்தப் பெண்களுக்குக் கற்பித்தார்கள் என்பதே இதில் நான் வியப்பது. லம்பாடியர் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அட்டவணைப் பழங்குடியினர், தமிழ்நாட்டில் அப்பட்டியலில் இல்லை. 'பழங்குடிக் கலை' என்று பாடம் வகுக்கும் அலுவலகம் பட்டியலை மட்டும் பார்த்தால் இம்மூதாட்டியர் அதன் கண்ணில் படவே மாட்டார்கள்.

குஜராத்தில் பேராசிரியர் கணேஷ் தேவி, பரோடா பல்கலைக்கழகத்து ஆங்கிலப் பேராசிரியர் பதவியைத் துறந்துவிட்டு, 1996-இல் 'பாஷா' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் வழியே தேஜ்கட் எனும் சிற்றூரில் ஆதிவாசி அகாதெமி உருவாயிற்று. பழங்குடி இளைஞர் தம் சொந்த மொழியையும் பாட்டையும் கலையையும் தாமே பதிவு செய்து பயில்வது அங்குள்ள வழக்கம். அதன் காட்சியகத்துக்கு இட்ட பெயர் 'வாசா', அதாவது பேச்சு. பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் அடைப்பதற்கு முன் பேசவிடுவோம் என்ற எண்ணம் அதில் தொனிக்கிறது.

எனவே, சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வரும் ஒரு கல்லூரி சித்தேரியில் முகாம் நடத்த விரும்பினால், ஒருங்கிணைப்பாளரின் வேலை பேருந்துக்கு முன்பணம் கட்டுவதில் தொடங்கலாகாது. பல மாதங்கள் முன்னதாக, மாணவரின்றித் தாம் மட்டும் சென்று ஊர்ப் பெரியவர்களிடமும் பெண்களிடமும் பேச வேண்டும். கல்லூரி விடுமுறையைக் கொண்டு நாள் குறித்தால் விதைப்பிலோ அறுவடையிலோ போய் நிற்க நேரும். மலைவாசிகள் குறிக்கும் நாளுக்குக் கல்லூரி தன் அட்டவணையை வளைத்துக்கொள்ள வேண்டும். எதைக் கற்பிப்பது, எதைக் கற்பிக்கலாகாது என்பதை அவர்களே தீர்மானிப்பர். சில பாட்டு சாவுக்கு மட்டும் உரியது, சில ஆட்டம் கோயிலுக்கு மட்டும் உரியது என்று அவர்கள் சொன்னால் அங்கே நின்றுவிடுவதும் பாடத்தின் ஒரு பகுதியே. பதிவு செய்வதன் படி ஒன்று ஊரிலேயே இருக்க வேண்டும். பாடியவர் பெயர் இல்லாமல் எங்கும் வெளியிடலாகாது.

ஊதியம் பற்றி மட்டும் சற்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வெளியூர்ப் பேராசிரியர் ஒரு மணி நேரம் உரையாற்றினால் மதிப்பூதியமும் பயணப்படியும் தருகிறார்கள். ஆயுள் முழுதும் பயின்ற கலையை நாள் முழுதும் கற்பிக்கும் மலைவாசிக்கு ஒரு துண்டு போர்த்திப் புகைப்படம் எடுக்கிறார்கள். "அவருக்குப் பட்டம் இல்லையே, எந்தத் தலைப்பில் தொகை கொடுப்பது?" என்பார் கணக்கர். அந்தச் சாக்குக்கு இன்று இடமில்லை. கலைஞர்களையும் கைவினைஞர்களையும் உயர்கல்வி நிறுவனங்களில் ஆசான்களாக அமர்த்திக்கொள்ளும் நெறிமுறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் வகுத்துவிட்டது.

மாணவரிடையேயும் ஒரு வேலி இருக்கிறது. மலைப்பாதையில் நடக்க இயலாத மாணவர், இரவு தங்க வீட்டில் அனுமதி கிடைக்காத மாணவி, கட்டணம் கட்ட வழியில்லாதவர், இவர்கள் 'விருப்பமில்லை' என்று எழுதிக் கொடுத்து ஒதுங்கிக்கொள்கின்றனர். மலைக் கலைஞர் ஒருவர் கல்லூரிக்கு வந்து ஒரு பருவம் தங்கிக் கற்பித்தால் இவர்கள் எல்லோரும் பயில்வர். அந்தக் கல்லூரியிலேயே படிக்கும் மலையாளி மாணவர்கள் தம் பாட்டியின் பாட்டுக்கு மதிப்பெண் உண்டு என்பதைக் கண்ணால் காண்பர். மக்களைப் பார்க்க மலைக்குப் போகும் முகாமில், தம் வகுப்பிலேயே அமர்ந்திருக்கும் அம்மக்களின் பிள்ளையிடம் ஒரு சொல் கேட்காமல் போகும் கல்லூரிகளும் உண்டு.

இதெல்லாம் மலைவாசிகளின் விவகாரம், நமக்கென்ன என்று உங்களில் சிலர் எண்ணலாம். பத்தமடைப் பாயை எண்ணிப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை நீரில் ஊறவைத்து, மயிரிழையாய்க் கிழித்து, பட்டுப் போல் மடியும் பாயாக நெய்கிறவர்கள் நம் லெப்பைக் குடும்பத்தினர். மணமக்கள் பெயர் நெய்த அந்தப் பாய் எத்தனையோ திருமண வீடுகளை அலங்கரித்திருக்கிறது. கலைக்கல்லூரி மாணவர்கள் அவ்வூருக்கும் வருகின்றனர், படம் எடுக்கின்றனர், குறிப்பெழுதுகின்றனர். கோரையைக் கிழித்துப் பழகிய ஒரு பாட்டி, மாணவி நெய்த பாயைத் தடவிப் பார்த்து, "ஊடு தளர்ந்திருக்கிறது, பிரித்துக் கட்டு" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பெண் பட்டியலில் ஓர் இடம் வேண்டும்.